வரிகளின் முதல் எழுத்து

குருநகர்
04.03.2024

அன்புள்ள மச்சான் சுதனுக்கு,

அத்தான் அடைக்கலநாதன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அக்கா லூர்த்தம்மாவும் இங்கே சுகம். நீயும் அந்த நோர்வே மீன்பிடிக் கப்பலில் மீனோடு மீனாக உறைந்துபோகாமல் சுகமாக இருக்கிறாயா? போன் எடுத்தால் லைன் இல்லை என்கிறது. ஐந்து கிழமைக்கு ஒருமுறை கரையைக் காணும் மனிதனோடு வேறு எப்படிக் கதைப்பது? அதுதான் ஈமெயில். நாலாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் ஒருவரை ஒருவர் கைவிட்டது உனக்குத் தெரியும். ஒரு விரலால் தட்டுகிறேன். பிழை இருந்தால் விரலை ஏசு.

விசயம் இதுதான். நத்தார் பண்டிகைக்கு நீ அக்காவுக்கு அனுப்பிய, கதை வாசிக்கிற ரீடர் படுத்துவிட்டது. மூன்று நாளுக்கு முதல் ஏதோ ‘அப்டேட்’ என்று கேட்டதாம். அவளும் பெரிய மனுசிபோல ‘ஓம்’ என்று அமத்தினாளாம். அணைந்து எரிந்து வந்தபோது தமிழ் எழுத்து ஒன்றும் இல்லை. எழுத்து இருந்த இடமெல்லாம் சின்னச் சின்னப் பெட்டி. பக்கம் முழுக்கப் பெட்டி. துறைமுகத்தில் அடுக்கின மாதிரி வரிசையாக நிற்கிறது.

“உங்கடை கை பட்டுத்தான் பழுதாப் போச்சு” என்கிறாள்.

“நான் தொடவே இல்லை” என்றேன்.

“தொடாமலே பழுதாக்குற ஆள் நீங்கள்.”

எவ்வளவு பெரிய மரியாதை பார். இந்தக் கரையில் உள்ள அரைவாசி போட்டுகளின் எஞ்சினை நான்தான் திருத்துகிறேன். அது அவளுக்குக் கணக்கில்லை. கதையில் வரும் பெண் கிணற்றுக்கட்டில் ஏறி நிற்கும் இடத்தில் பெட்டி வந்துவிட்டதாம். அவள் விழுந்தாளா இறங்கினாளா என்று தெரியாமல் மூன்று நாளாகக் குசினியில் சட்டி பானை பறக்கிறது. நேற்றுக் குழம்புக்கு உப்பு இரண்டு தரம். அந்தப் பெண்ணை நீதான் காப்பாற்ற வேண்டும், கூடவே என்னையும்.

உன் அத்தான்,
அடைக்கலம்

*

பரன்ட்ஸ் கடல்
11.03.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். குளிர் இருக்கிறது, மீனும் இருக்கிறது. அக்காவிடம் கோபிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அது அவவின் பிழையும் இல்லை, உங்கள் பிழையும் இல்லை. புதிய மென்பொருள் வந்தபோது உள்ளே இருந்த தமிழ் எழுத்துருவை எடுத்துவிட்டது. எழுத்தின் உருவம் கிடைக்காவிட்டால் கருவி வெறும் பெட்டியைக் கீறும். புத்தகத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை.

இத்துடன் ஒரு எழுத்துருக் கோப்பு அனுப்புகிறேன். ரீடரைக் கம்பியால் கணினியில் கொழுவினால் உள்ளே fonts என்று ஒரு பெட்டகம் தெரியும். கோப்பை அதற்குள் போடுங்கள். பிறகு ரீடரை முழுக்க அணைத்து எரியவிட்டு, எழுத்துத் தெரிவில் அந்தப் பெயரைத் தட்டுங்கள். கணினி இல்லாவிட்டால் சிமியோன் அண்ணையின் போட்டோக்கொப்பிக் கடையில் செய்யலாம்.

இனி ஏதாவது பிழை வந்தால் இரண்டு விசயத்தை மட்டும் மறக்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எனக்கு எழுதும்போது கண்டதை எழுதுங்கள், நினைத்ததை எழுத வேண்டாம். நான் இங்கிருந்து பார்ப்பது உங்கள் கண்ணால்தான்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஜெயசுதன்

*

குருநகர்
09.04.2024

அன்புள்ள மச்சான்,

உயிர்த்த ஞாயிறு நல்லபடியாக முடிந்தது. இருவரும் சுகம். நீ கரையில் நின்று பூசை கண்டாயா, அல்லது கடலில் கொட் மீனுக்குச் செபம் சொன்னாயா?

பெட்டி போய்விட்டது. எழுத்து வந்துவிட்டது. ஆனால் வந்த எழுத்துக்குச் சாராய வெறி. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். ‘கோயில்’ என்று இருக்க வேண்டியதில் கொம்பும் காலும் தனித்தனியே நின்று சண்டை பிடிக்கின்றன. உன் அக்கா அதையும் வாசித்தாள்! அந்தப் பெண் கிணற்றுக்கட்டால் இறங்கிவிட்டாளாம், நிம்மதி. பிறகு சிமியோனின் கடையில் வேறொரு எழுத்துருவைப் போட்டுப் பார்த்தோம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாற்றினேன், உன் சொல்லை மீறவில்லை. மூன்றாவது எழுத்துருவில் கொம்பெல்லாம் ஓடிவந்து தன் தன் இடத்தில் ஒட்டிக்கொண்டது. சிமியோன் கைதட்டினான். எஞ்சினும் ரீடரும் ஒன்றுதான் மச்சான். குறைகேட்டுப் பார்த்தால் தானே சொல்லும்.

இப்போது மூன்றாவது குறை. இது கொஞ்சம் விசித்திரம். வரிகளின் முதல் எழுத்து இல்லையாம். எல்லா வரியிலும் இல்லை. சில வரியில் ஒன்று, சில வரியில் இரண்டு. “மிசின் எழுத்தைத் தின்னுது” என்கிறாள். பின்னேரமானால் திரைக்கு மேலே பனிப்புகார் படிந்த மாதிரி இருக்கிறதாம். அந்த நேரம் அவளுக்குத் தலையிடியும் வருகிறது. ரீடரின் விளக்கை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டேன்.

உன் அக்காவின் புதினச் செய்தி ஒன்றும் சொல்ல வேண்டும். நேற்று எனக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். கோப்பை மேசையில் இருந்தது, தேத்தண்ணி கோப்பைக்குப் பக்கத்தில் போனது. “மேசைக்கும் விடாய் எடுத்திருக்கும்” என்றேன். துணியால் துடைத்துவிட்டு அந்தத் துணியாலேயே என் தோளில் ஒன்று போட்டாள். வாசிக்கிற பெண்ணைக் கட்டினால் இதுதான். நினைவெல்லாம் கதைக்குள்.

பதில் போடு.

அத்தான்

*

பரன்ட்ஸ் கடல்
24.04.2024

அன்புள்ள அத்தானுக்கு,

பிந்திவிட்டது. காற்று மோசம், பத்து நாளாக நித்திரையும் இல்லை, வேறு குறை இல்லை. அக்காவின் தலையிடி எப்படி?

கொம்பைத் திருத்தியதற்கு வாழ்த்து. அதை நானே இவ்வளவு கெதியாகச் செய்திருக்க மாட்டேன்.

முதல் எழுத்து மறைவதற்கு இரண்டு காரணம் நினைக்கிறேன். இந்தத் திரை மையால் ஆனது மாதிரி. பக்கம் திருப்பும்போது பழைய பக்கத்தின் நிழல் கொஞ்சம் தங்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் முழுக்க அழித்து எழுதும்படி அமைப்பில் மாற்றுங்கள். மற்றது, இடப்பக்க ஓரம் மிகவும் ஒடுங்கியிருக்கலாம். ஓரத்தை இரண்டு படி கூட்டுங்கள்.

இரண்டாலும் சரிவராவிட்டால் ஒரு சோதனை செய்ய வேண்டும். அக்கா எழுத்து இல்லை என்று சொல்லும் அதே பக்கத்தை, அதே நேரத்தில், நீங்களும் வாசித்துப் பாருங்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தும் அனுப்புங்கள். இரண்டு பேருக்கும் எழுத்து இல்லாவிட்டால் குறை ரீடரில். ஒருவருக்கு மட்டும் இல்லாவிட்டால் குறை வேறு இடத்தில். இதைத் தவறாமல் செய்யுங்கள் அத்தான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அன்புடன்,
சுதன்

*

குருநகர்
12.05.2024

அன்புள்ள மச்சான்,

சுகம். நீயும் சுகமாக இரு. தலையிடி வந்து வந்து போகிறது, வெயில் அப்படி.

நிழல் அழிக்கிற வேலை செய்தேன். ஓரத்தையும் கூட்டினேன். நாலு நாள் நல்லாய் இருக்கிறது என்றாள், ஐந்தாம் நாள் மறுபடியும் இல்லை என்றாள்.

பிறகு நீ சொன்ன சோதனை. நேற்று மத்தியானம் யன்னலோரக் கதிரையில் இருந்தாள். ரீடரை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“இந்தா, இந்த வரியைப் பாருங்கோ. முதல் எழுத்து இல்லை. இதிலையும் இல்லை. உங்களுக்கும் அப்பிடித்தானே?”

“ஓம்” என்றேன்.

“நான் சொன்னனான்தானே! மிசின்தான்” என்று எழும்பிப் போனாள். மீன் பொரிக்கும்போது பாட்டு.

ஆகவே எழுதிக்கொள். எனக்கும் இல்லை. இரண்டு பேருக்கும் இல்லை. படம் இத்துடன் இருக்கிறது, சரியாக வந்ததோ தெரியாது.

வேறு விசேசம் இல்லை.

அத்தான்

*

துரொம்சோ
28.06.2024

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

இருவர் சுகத்தையும் அறிய ஆவல். கரைக்கு வந்து மூன்று நாள். இங்கே இப்போது சூரியன் மறைவதே இல்லை, யன்னலுக்குக் கம்பளி கட்டி நித்திரை கொள்கிறேன்.

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் உண்டு. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தில் எல்லா எழுத்தும் இருக்கிறது. ஒன்றுகூடக் குறையவில்லை. எனக்கு விளங்கவில்லை. ஆனால் நீங்கள் உங்கள் கண்ணால் கண்டதாக எழுதியிருக்கிறீர்கள். விட்டு விட்டு வரும் குறைகள் இருக்கின்றன, படம் எடுக்கும்போது ஒளித்துக்கொள்ளும். அதனால் படத்தை விட்டுவிட்டு உங்களை நம்பினேன்.

மெல்லிய கோடுகள்தான் இந்தத் திரையில் தவறிப்போகின்றன என்று முடிவு செய்து, அக்காவுக்கென்றே ஒரு எழுத்துரு செய்திருக்கிறேன். யாரும் பாவிக்கலாம் என்று விட்டிருந்த ஒன்றை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கோட்டைத் தடிப்பாக்கினேன். ன, ண இரண்டுக்கும் சுழிகளை அகலத் திறந்துவிட்டேன். எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டினேன். கப்பல் ஆடும்போது கோடு கை தவறிப் போகும், திரும்பக் கீற வேண்டும். ‘ழ’வின் வாலுக்கு மட்டும் மூன்று நாள் போனது. ஐந்து கிழமை, ஓய்வு நேரமெல்லாம் கப்பல் படுக்கையில் இருந்து செய்த வேலை. கூட இருக்கும் நோர்வேக்காரன் நான் காதல் கடிதம் எழுதுகிறேன் என்று நினைத்தான்.

அதற்குப் பெயர் ‘லூர்த்து’. அக்கா சிரிப்பா. புத்தகத்துக்குள்ளேயே வேறு எழுத்துரு பதிந்திருந்தால் நம்முடையது வராது, அந்தத் தெரிவை முதலில் நிறுத்துங்கள்.

வாசித்துவிட்டு எப்படி என்று அக்காவே எனக்கு ஒரு வரி எழுதினால் சந்தோசப்படுவேன்.

அன்புத் தம்பி,
ஜெயசுதன்

*

குருநகர்
31.07.2024

அன்புள்ள மச்சான்,

யாகப்பர் கோயில் திருநாள் முடிந்து வீடு இப்போதுதான் அமைதியாய் இருக்கிறது. நீ சுகம்தானே?

உன் ‘லூர்த்து’ எழுத்து வந்த நாள் தொடக்கம் மற்ற லூர்த்துக்குத் தலைகால் தெரியவில்லை. “என்ரை தம்பி கடலிலை இருந்து எனக்கு எழுத்து வெட்டியிருக்கிறான்” என்று ஒழுங்கை முழுக்கக் காட்டிவிட்டாள். பக்கத்து வீட்டு ஜெசிதா, “எனக்கும் ஒண்டு வெட்டச் சொல்லு” என்று கேட்கிறாள். உனக்கு நல்ல வியாபாரம். நாலு கிழமை ஒரு முறைப்பாடு இல்லை. இரண்டு பெரிய கதை முடித்துவிட்டாள். தானே எழுதுவதாகச் சொன்னாள், பிறகு போனின் எழுத்து மெல்லிசு, விரல் பிழைக்கிறது என்று விட்டுவிட்டாள்.

இப்போது இன்னும் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா என்று கேட்கிறாள். கடைசி அளவுக்கு ஏற்றியாயிற்று. ஒரு பக்கத்துக்கு நாலு சொல் வருகிறது. ஒரு வசனத்துக்கு மூன்று தரம் பக்கம் திருப்புகிறாள். வள்ளம் வலிக்கிற மாதிரி இருக்கிறது பார்க்க.

திருநாளன்று கடற்கரை வீதியைக் கடக்கும்போது இடப்பக்கமாக வந்த ஓட்டோவை அவள் காணவில்லை. நான் சீலையில் பிடித்து இழுத்தேன். ஓட்டோக்காரன் ஏசினான், அவளும் ஏசினாள். வீட்டுக்கு வந்து, “ஓட்டோக்காரன் உன்னைக் கண்டு மயங்கிப்போனான்” என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

இன்னும் தடிப்பாக ஒன்று வெட்ட முடியுமானால் வெட்டு. முடியாவிட்டால் பரவாயில்லை.

அத்தான்

*

பரன்ட்ஸ் கடல்
06.08.2024

அத்தான்,

சுகம் விசாரிப்பதற்கு நேரமில்லை. ஒரு பக்கத்துக்கு நாலு சொல் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் திரை பழுதானாலும் ஒருவருக்கு அந்த அளவு தேவைப்படாது. இடப்பக்கத்து ஓட்டோ, பக்கத்தில் போன தேத்தண்ணி, பின்னேரத் தலையிடி. எல்லாம் நீங்களே எழுதியவை. நான் எழுத்துருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்கே அக்காவைக் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். ரீடரைத் தொட வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன். மே மாதம் நீங்கள் உண்மையாகவே அந்த எழுத்துகளைக் காணவில்லையா?

சுதன்

*

துரொம்சோ
21.08.2024

அத்தான்,

பதினைந்து நாளாகப் பதில் இல்லை. கரைக்கு வந்து இரண்டு நாளாக வீட்டுக்குப் போன் எடுக்கிறேன். அக்கா எடுத்து, “நான் நல்லா இருக்கிறன், அத்தான் கரைக்குப் போட்டார்” என்கிறா. எப்போது எடுத்தாலும் நீங்கள் கரைக்குப் போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்டேன். “எந்த ஆஸ்பத்திரி? ஆருக்கு என்ன?” என்று கேட்டா.

நான் சொல்லவில்லை. நீங்கள் சொல்ல வேண்டியது. வெள்ளிக்கிழமைக்குள் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் நானே சொல்லுவேன்.

ஜெயசுதன்

*

குருநகர்
02.09.2024

அன்புள்ள சுதனுக்கு,

உன் சுகம் கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நீ சொன்ன அந்த வெள்ளிக்கிழமையே போனோம். கண்ணாடி மாற்ற என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். ஒரு மிசினுக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் பொட்டுத் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். நான் கதவுக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். டிக், டிக் என்று சத்தம் கேட்டது. பிறகு நெடுநேரம் சத்தம் இல்லை. சோதனை முடிந்துவிட்டது என்று எழும்பினேன். முடியவில்லை. பொட்டு வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

கண்ணுக்குள் அமுக்கம் கூடி நரம்பைக் கொன்றிருக்கிறதாம். குளோக்கோமா என்று பெயர். வலது கண்ணில் நடுவில் ஒரு துண்டு மட்டும் மிச்சம். இடது கண்ணில் பாதிதான் மிச்சம், அதன் இடப்பக்கம் போய்விட்டது. லேசரால் சின்ன ஓட்டை போட்டார்கள், மருந்து தந்தார்கள். போனது வராது. இருப்பதைக் காக்கக் காலையும் பின்னேரமும் ஒவ்வொரு துளி, ஒரு நாளும் தவறக்கூடாது.

உன் அக்காவை வெளியே இருத்திவிட்டு நான் திரும்ப உள்ளே போனேன்.

“டொக்டர், மே மாதம் வந்திருந்தால்?”

அந்த டொக்டர்ப் பிள்ளை என்னைப் பார்த்தது. “ஏன் ஐயா, மே மாசம் என்ன நடந்தது?” என்று கேட்டது. பிறகு தானே, “இடது கண்ணை இதைவிட நல்லா வைச்சிருக்கலாம்” என்றது.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். நான் கண்டேன் சுதன். அன்று அவள் ரீடரை நீட்டிய நேரம் எல்லா எழுத்தும் இருந்தது. நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன். உன் அக்கா சொல்லுச் சொல்லாக விழுங்குவாள், நான் எழுத்தெழுத்தாகத் தடவிப் போகிறவன். ஒரு எழுத்து இல்லாவிட்டால் என் காலில்தான் முதலில் தடக்கும். ஒன்றும் தடக்கவில்லை. முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி. எல்லாம் முழுசாய் நின்றது. ஒருவருக்கு மட்டும் இல்லாவிட்டால் குறை வேறு இடத்தில் என்று நீ எழுதியிருந்தாய். வேறு இடம் எது என்று விளங்காத அளவு மடையன் இல்லை நான்.

அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் பயம் இருந்திருக்கிறது. உங்களுக்கும் அப்பிடித்தானே என்று கேட்டபோது குரல் கெஞ்சின மாதிரி இருந்தது. இருபத்தாறு வருசமாக அவள் ஓம் என்றால் நான் இல்லை என்று பகிடி பண்ணுகிறவன். அந்த ஒரு நாள் ஓம் என்றுவிட்டேன். அவள் பாடிக்கொண்டு மீன் பொரித்தாள். அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். உண்மையை எழுதினால் பாட்டு நின்றுவிடும் என்று இருந்தது. மிசின் பழுதென்றால் நீ திருத்துவாய், நான் திருத்துவேன். கண் பழுதென்றால் நாங்கள் என்ன செய்வது?

இதை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. இப்போது வந்த வருத்தம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அடைக்கலநாதன்

*

பரன்ட்ஸ் கடல்
19.10.2024

அத்தானுக்கு,

ஆறு கிழமைக்கு மேல் எழுதவில்லை. நாலு தரம் எழுதி அழித்தேன். அவற்றில் இருந்த சொற்கள் உங்களுக்கு வர வேண்டாம்.

கோபம் இருக்கிறது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் முழுக்க உங்கள்மேல் கோபிக்கப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் படம் முன்னால் வருகிறது. படம் என் கையில் இருந்தது. அதில் எல்லா எழுத்தும் இருந்தன. இரண்டு சாட்சி ஒன்றுக்கொன்று முரண்பட்டால் மூன்றாவதைத் தேட வேண்டும், குறை கண்டுபிடிக்கிற வேலையில் முதல் பாடம் அது. நான் தேடவில்லை. ஏனென்றால் எழுத்துரு செய்ய எனக்கு ஆசையாக இருந்தது. அம்மாவின் செத்தவீட்டுக்கும் வராத நான் அக்காவுக்கு ஏதோ பெரிதாகச் செய்கிறேன் என்று இருந்தது. நல்ல தடிப்பாகச் செய்தேன். அவ்வளவு நல்லதாகச் செய்தபடியால் இன்னும் இரண்டு மாதம் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவைப்படவில்லை. நீங்கள் ஒரு சொல் சொன்னீர்கள். நான் ஐந்து கிழமை இருந்து அந்தச் சொல்லை அழகாகக் கீறிக் கொடுத்தேன்.

அந்த எழுத்துருவை ரீடரில் இருந்து அழித்துவிடுங்கள். அது அங்கே இருப்பதை நினைக்க முடியவில்லை.

மே மாதத்தை அக்காவுக்குச் சொல்லுங்கள். நான் சொல்லமாட்டேன், பயமுறுத்தவும் இல்லை. அவவின் கண்ணுக்கு என்ன நடந்தது என்று அவவைத் தவிர மற்ற இரண்டு பேருக்கும் தெரிந்திருப்பது நியாயம் இல்லை.

மார்கழியில் லீவு கேட்டிருக்கிறேன். வருவேன்.

சுதன்

*

குருநகர்
10.11.2024

அன்புள்ள சுதனுக்கு,

இருவரும் இருக்கிறோம். மழை தொடங்கிவிட்டது, நீ வரும்போது ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும், பழைய செருப்போடு வா.

சொல்லிவிட்டேன். போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, உடுப்பு மாற்றவும் முதல், நடு வீட்டில் நின்றபடி சொன்னேன். உன் ஈமெயில், படம், நான் எழுதிய பொய், எல்லாம். அவள் கதிரையில் இருந்து கேட்டாள். பிறகு விரலை மடித்து எண்ணினாள். “மே, யூன், யூலை, ஓகஸ்ட்.” நாலு விரல். அந்த நாலு விரலையும் மடித்தபடியே வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தாள்.

“நீ பயப்பிடுவாய் எண்டுதான்…” என்று தொடங்கினேன்.

“நான் பயப்பிட வேண்டிய நேரம் அது. அந்த நேரத்திலை என்னைப் பயப்பிட விடேல்லை நீங்கள்.”

பிறகும் அவளே சொன்னாள்.

“நான் கேட்டனான் தானே. வேற ஆரிட்டையும் கேக்கேல்லை, உங்களிட்டைத்தான் கேட்டனான். நீங்கள் ஓம் எண்ட பிறகு நான் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை.”

அதுக்குப் பிறகு மூன்று நாள் என்னோடு கதை பேச்சு இல்லை. சோறு போட்டாள், தேத்தண்ணி தந்தாள், கதை இல்லை. நான் காலில் விழுவதற்கும் ஆயத்தம்தான், ஆனால் அதையும் பகிடி என்று நினைப்பாளோ என்று விட்டேன். இவ்வளவு காலமும் எல்லாவற்றையும் பகிடியாக்கி வைத்திருந்ததில், மெய்யாக ஒன்றைச் செய்தாலும் நம்ப ஆள் இல்லாமல் போய்விட்டது.

நீ சொன்னபடி எழுத்துருவை அழிக்க ரீடரை எடுத்தேன். எங்கிருந்து கண்டாளோ, அது எப்படித் தெரிந்ததோ, வந்து பறித்தாள். மூன்று நாளைக்குப் பிறகு முதல் பேச்சு அதுதான்.

“அவன்ரை எழுத்திலை கை வைக்காதையுங்கோ. எழுத்து ஒரு பொய்யும் சொல்லேல்லை.”

உனக்கும் அதையே எழுதச் சொன்னாள். அழிக்க மாட்டாளாம். டொக்டர் ஒரு நாளைக்கு அரைமணித்தியாலம் வாசிக்கலாம் என்றாராம், அந்த அரைமணித்தியாலமும் உன் எழுத்தில்தான் வாசிப்பாளாம். வாசிக்கிறாள். முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மிச்சம் இருக்கிற கண்ணை எழுத்துக்கு நேரே கொண்டுவந்து.

கண் மருந்து நான்தான் விடுகிறேன். அவள் தானே விட்டால் துளி எங்கே வருகிறது என்று தெரியவில்லை. காலை ஆறுமணிக்கு ஒன்று, பின்னேரம் ஆறுமணிக்கு ஒன்று. கதிரையில் இருந்து தலையைப் பின்னால் சாய்ப்பாள். நான் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிக்கொண்டு வருவேன். எஞ்சினுக்குள் நூல் மாதிரி வயரைத் தொட்டு எடுக்கிற கை இது, அவளுடைய இமையைப் பிடித்தால் மட்டும் நடுங்குகிறது. முதல் கிழமை முழுக்கப் பாதி மருந்து கன்னத்தில் போனது.

முந்தநாள் பின்னேரமும் போனது. கண்ணை மூடியபடி சொன்னாள்.

“ஏன் நீங்கள் இப்ப வாயைத் திறக்கிறேல்லை?”

“என்னத்தைச் சொல்ல?”

“முந்தி என்னத்தைச் சொன்னியள்? அதைச் சொல்லுங்கோ. நீங்கள் பேசாமல் நிண்டால் கை நடுங்குது, மருந்து வீணாப் போகுது. நான் உங்களை மன்னிச்சிட்டன் எண்டு நினையாதையுங்கோ. அதுக்கு நாள் இருக்கு. ஒரு பகிடியைச் சொல்லுங்கோ.”

ஒரு பகிடியும் வரவில்லை சுதன். வாய் நிறையப் பகிடியோடு பிறந்தவன் நான். கையில் மருந்துப் போத்தலோடு நின்று தேடினேன். ஒன்றும் இல்லை. மருந்து கன்னத்தில் போனது. நேற்றுக் காலையும் அப்படித்தான்.

நேற்றுப் பின்னேரம் அவள் தலையைச் சாய்த்தபோது, எங்கிருந்து வந்ததோ, “இவ்வளவு விலை மருந்தைக் கன்னத்துக்குப் பூசுற பொம்பிளை இந்த ஒழுங்கையிலை நீ ஒருத்திதான்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஆனால் துளி கண்ணுக்குள் விழுந்தது.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அத்தான் அடைக்கலநாதன்